இருபத்தைந்தாவது தலை

1

இந்தக் கதை என் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற துணியிலிருந்து பிறந்தது. சொல்லிக்கொள்ளப் பெருமையான பிறப்பு இல்லை. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை ஆற்றங்கரையில் கிடைக்கிறது, ரயில் ஜன்னலோரம் கிடைக்கிறது. எனக்கு முக்கால் முழம் பனியன் துணியில் கிடைத்தது. வெள்ளையாக இருந்த துணி, இப்போது பழுத்துவிட்டது. நீளவாக்கில் மெல்லிசாக ஒரு கோடு ஓடும். பின்னுகிற மிஷினில் ஒரு ஊசி உடைந்தால் துணி முழுக்க அந்தக் கோடு விழுந்துகொண்டே வரும். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் இந்தக் கோட்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருஷமாக இந்தத் துணி என்னிடம் இருக்கிறது. எங்கே கிடந்ததை எடுத்தேன் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் கதை முடிந்துவிடும். அதனால் சொல்லப்போவதில்லை.

போன மாதம் ஒரு பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. தீபாவளி மலருக்கு, தேயிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன அமைதியான மலை ஊர் ஒன்றுக்குப் போய்வந்ததை எழுதித் தர வேண்டுமாம். படிக்கிறவர்கள் மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டுமாம். சரி என்று பதில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

"பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் மலைச்சரிவெங்கும்—"

அடித்துவிட்டேன். கம்பளத்தின் மேல் யாரும் முதுகு வளைந்து நின்று கொழுந்து கிள்ளுவதில்லை.

"மேகங்கள் இறங்கி வந்து கன்னத்தை வருடிவிட்டுச் செல்லும் அந்த—"

இதுவும் வேண்டாம். நான் எழுத வேண்டிய மேகம் யார் கன்னத்தையும் வருடவில்லை. அது வந்தது, ஆட்களை மறைத்தது, அவ்வளவுதான்.

"சென்னம்மாளுக்குப் பயமாக இருந்தது."

இந்த வரியை அடிக்கக் கை வரவில்லை. பயணக் கட்டுரை அங்கேயே செத்துப்போயிற்று. பத்திரிகைக்காரர்களுக்கு வேறு யாராவது எழுதிக் கொடுப்பார்கள்.

2

சென்னம்மாளுக்குப் பயமாக இருந்தது. 1966, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. முந்தின நாள் மிஷின்களுக்குப் பொட்டு வைத்துப் பொரி கடலை படைத்தாயிற்று. மறுநாளும் கம்பெனிக்கு லீவு. முதலாளி செங்கோட்டையனுக்கு அந்த வருஷம் வியாபாரம் நன்றாக ஓடியிருந்தது. "தெனமும் அஞ்சு டம்ளர் டீ குடிக்கிறீங்க. அது எங்க வெளையுதுன்னு ஒருக்காப் பாத்துட்டு வாங்க" என்று ஸ்பெஷல் பஸ் பிடித்துக் கொடுத்துவிட்டார்.

அவர் வரவில்லை. அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பஸ் கிளம்பும்போது படிக்கட்டில் கை வைத்துக்கொண்டு சென்னம்மாளிடம் சொன்னார்:

"ரெண்டு டஜன் பேரு போறீங்க. ரெண்டு டஜன் பேரு திரும்பி வரோணும். ஒண்ணு கொறஞ்சாலும் நான் ஊருக்குள்ள மொகத்தக் காட்ட முடியாது. உன்ற பொறுப்பு அம்மிணி."

"சரிங்க சாமி" என்றாள் சென்னம்மாள். வேறு என்ன சொல்லுவாள்? முப்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை, வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். அந்தக் கம்பெனியில் செக்கிங் அவள்தான். தைத்து வருகிற பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை, எண்ணெய்க்கறை, ஊசிக்கோடு பார்ப்பது, பிறகு டஜன் டஜனாக எண்ணிக் கட்டுவது. அவள் எண்ணிக் கொடுத்த கட்டு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

(இங்கே ஒரு இடைச்சொருகல். எங்கள் பக்கம் எதை எண்ணினாலும் முதலாவதை 'ஒண்ணு' என்று சொல்லமாட்டோம். 'லாபம்' என்போம். லாபம், ரெண்டு, மூணு, நாலு. நெல் அளந்தாலும் அப்படித்தான், பனியன் எண்ணினாலும் அப்படித்தான். சென்னம்மாள் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது 'லாபம், ரெண்டு' சொல்லுவாள். அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் எதையும் ஞாபகம் வைக்கச் சொல்லித் தொந்தரவு செய்யமாட்டேன்.)

குளிருக்கு என்ன செய்வது என்று கேள்வி வந்தது. சென்னம்மாள்தான் வழி சொன்னாள். பின்னுகிற மிஷினிலிருந்து துணி குழாயாகத்தான் வரும். ஊசிக்கோடு விழுந்து கழித்துப் போட்ட ரோல் ஒன்று மூலையில் கிடந்தது. அதை ஆளுக்கு ஒன்றரை முழமாக வெட்டினாள். தலை வழியாக மாட்டிக் கீழே இழுத்துவிட்டால் தலை, காது, கழுத்து, தோள் எல்லாம் மூடிக்கொள்ளும். முகம் மட்டும் வெளியே தெரியும். ஆணும் பெண்ணுமாக இருபத்து நாலு பேரும் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சென்னம்மாளும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

3

எந்த மலை என்று கேட்காதீர்கள். பொள்ளாச்சி வழியா, மேட்டுப்பாளையம் வழியா என்றும் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என் வீட்டுக்கு வந்து, எங்கள் எஸ்டேட்டில் அப்படியெல்லாம் நடக்காது என்பார்கள். நடக்காது என்றே வைத்துக்கொள்வோம். இது கதைதானே.

பஸ் ஏற ஏறச் சென்னம்மாள் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். அவள் பிறந்து வளர்ந்த வெள்ளகோவில் பக்கத்தில் கண் எட்டுகிற தூரம் வரை பூமி சமமாக இருக்கும். மாடு தொலைந்தால்கூட நின்ற இடத்திலிருந்து தேடிவிடலாம். இங்கே ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் மூக்கு ஆகாயத்துக்குள் போய்த் திரும்பியது. முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டபடியே வந்தாள்.

பாதி மலையில் ஒரு கேட். மூங்கிலைக் குறுக்கே போட்டிருந்தார்கள். எஸ்டேட் ரோடு என்பதால் ஆள் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், இறங்கும்போது சரிபார்ப்பார்கள். காக்கிக் கோட்டும் மப்ளருமாக ஒரு கேட்டுக்காரர். கம்பெனி கிளார்க் இறங்கிப்போய் எழுதிக் கொடுத்தார்: லேபர் 24, கிளார்க் 1, டிரைவர் 1.

4

இந்தக் கிளார்க்கைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பெயர் நாச்சிமுத்து. முந்தின இரண்டு பிரதியிலும் இந்த ஆளைக் கதையிலிருந்து வெளியேற்றப் பார்த்தேன். முதல் பிரதியில் காய்ச்சல் வரவைத்து வீட்டில் படுக்கப்போட்டேன். இரண்டாவதில் பஸ் டிரைவரையே கணக்கு எழுத வைத்தேன். எழுதி எழுதிப் பார்க்கிறேன், ஆசாமி இல்லாமல் கேட் திறக்கமாட்டேன் என்கிறது.

இவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பயம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி இல்லாமல் இரண்டடி தூரத்தில் இருப்பது தெரியாது. தெரியாதது நடக்கவில்லை என்று அர்த்தம். இப்படி ஒரு பிறவி. முதலாளி சத்தம் போட்டாலும் துடைப்பார், யூனியன்காரர்கள் வாசலில் கொடி பிடித்தாலும் துடைப்பார். ஊரில் இவருக்கு நல்ல மனுஷன் என்று பேர். யாரிடமும் பொய் சொன்னதில்லை என்பார்கள். உண்மை சொன்னதையும் யாரும் பார்த்ததில்லை.

(கடைசி மூன்று வாக்கியங்களில் கோபம் தூக்கலாக இருக்கிறது. பாத்திரத்தின்மேல் ஆசிரியருக்கு இவ்வளவு கோபம் கூடாது. திருத்தும்போது குறைக்க வேண்டும்.)

5

மலை ஊர் அமைதியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கடைவீதி, ஒரு மாதா கோயில், ஒரு முருகன் கோயில், தபாலாபீஸ். அந்த அமைதி சென்னம்மாளுக்குப் பிடிக்கவில்லை. திருப்பூரில் மிஷின் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம், அன்றைக்குக் கூலி இல்லை என்று அர்த்தம். காது அப்படிப் பழகிவிட்டது. இங்கே ஒரு சத்தமும் இல்லை என்றதும் ஏதோ ஆகிவிட்டது என்றே அவளுக்குப் பட்டது.

தேயிலை பேக்டரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே மிஷின் ஓடியது. எல்லோருக்கும் உயிர் வந்தது. "துணிய அழுத்தற நம்ம காலண்டர் மிஷினு மாதிரியே உருட்டுதுங்கோ" என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். சென்னம்மாள் வாசலில் நின்று எண்ணினாள். லாபம், ரெண்டு, மூணு... இருபத்தி நாலு. சரியாக இருந்தது. காலில் ஏதோ ஈரமாகப் படவே குனிந்து பார்த்தாள். விரல் இடுக்கில் அட்டை. கறுப்பாக, தடித்து, அவள் ரத்தத்தைக் குடித்து முடித்துத் தானாகவே விழுந்தது. கடித்ததே தெரியவில்லை என்பதுதான் அவளை மிரட்டியது.

இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கியது. ஐந்தே நிமிஷம். எதிர்ப்பக்கத்துச் சரிவு போயிற்று, பேக்டரியின் தகரக் கூரை போயிற்று, பஸ் போயிற்று. வெள்ளைத் துணியை மாட்டிய தலைகள் வெள்ளைப் பனிக்குள் போய்ப்போய் வந்தன. யார் யார் என்று தெரியவில்லை. "எல்லாரும் கையப் புடிச்சுக்குங்க! ஆரும் எங்கயும் போவாதீங்க!" என்று கத்தினாள். தன் குரலே பஞ்சுப் பொதிக்குள் கத்தினதுபோலக் கேட்டது. சரிவுக்கு மேலே எங்கேயோ விசில் சத்தம். நாலைந்து ஆண்பிள்ளைகள் எதையோ கூப்பிடுகிற சத்தம். மாட்டையா, மனுஷரையா என்று தெரியவில்லை.

ஒவ்வொருவராகப் பிடித்து பஸ் படிக்கட்டில் ஏற்றினாள். ஏற ஏறத் தலையைத் தொட்டு எண்ணினாள்.

இருபத்தி அஞ்சு.

6

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் நின்றுவிட்டேன்.

ஒன்று குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சென்னம்மாளுக்குத் தெரியும். தேட வேண்டும், கத்த வேண்டும், தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். ஒன்று கூடினால் என்ன செய்வது? காலையிலிருந்து அவள் பயந்ததெல்லாம் குறைவதைப் பற்றித்தான். டஜன் கட்டுக்குள் ஒரு பனியன் கூடுதலாக வந்தால் உருவி எடுத்துத் தனியே வைப்பாள். ஆளை எப்படி உருவுவது?

மறுபடி எண்ணினாள். மறுபடியும் இருபத்தைந்து. மலையில் செத்தவர்கள் பனியோடு இறங்கி வந்து ஆட்களோடு உட்கார்ந்துகொள்வார்கள் என்று டீக்கடையில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது.

முன் சீட்டுக்குப் போய்க் கிளார்க்கிடம் குனிந்து சொன்னாள்.

"ஏனுங்க... ஒண்ணு சாஸ்தியா வருதுங்க."

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றினார்.

"கொறஞ்சாத்தானம்மா பயம். பனியில சரியாத் தெரிஞ்சிருக்காது. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

பஸ் கிளம்பியது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். பேய் என்றால் பேய், பார்த்துவிடுவது. செக்கிங்காரி வேறு எதை நம்பாவிட்டாலும் துணியை நம்புவாள். ஒவ்வொரு தலையாகத் துணியைப் பார்த்தாள். எல்லாத் துணியிலும் அவள் கழித்துப்போட்ட ரோலின் கோடு. கடைசிக்கு முந்தின சீட்டில் ஒரு தலை. அதன் துணி தோள்வரை வரவில்லை, காதோடு நின்றுவிட்டது. முக்கால் முழம்தான் இருக்கும். அதிலும் அதே கோடு. பக்கத்தில் இருந்தது பழனாயி. அவள் தலையிலும் முக்கால் முழம்.

பழனாயி தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறவள். லீவு நாளிலும் சின்னக் கத்தரி இடுப்பில் இருக்கும்.

"பழனாயி" என்றாள் சென்னம்மாள்.

"எதும் கேக்காதீங்கக்கா" என்றாள் பழனாயி.

அவளை நகரச் சொல்லிவிட்டு அந்தத் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேய் இல்லை. இருபது வயதுப் பெண். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. இடது கண் வீங்கி மூடியிருந்தது. பேய்க்குப் பயந்து வந்தவளுக்கு இப்போதுதான் நிஜமான பயம் வந்தது.

"ஆரு கண்ணு நீ?"

"கீழ வரைக்கும் மட்டும்க்கா. எறங்கிருதேன்."

"ஊட்டுக்காரன் அடிச்சானா?"

"எனக்கு அதெல்லாம் இல்ல. மேஸ்திரி." தலைத்துணியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "நேத்துக் கதவ ஒடச்சிட்டான். கத்துனேன், பக்கத்து லயத்து வீடுகள்ல இருந்து ஆளுவ வந்துட்டாவ. இன்னைக்கும் வருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

அந்தப் பெண்ணின் பெயரையும் சென்னம்மாள் கேட்டாள். அவளும் சொன்னாள். நான் எழுதமாட்டேன். பெயர் வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்கு இன்னும் பயம்.

7

கேட் மூடியிருந்தது. மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் கேட்டுக்காரர் மூங்கிலைப் போட்டுவிட்டு அதன் முன்னாலேயே நின்றார். பஸ்ஸுக்குள் ஏறினார்.

"மேல இருந்து போன் வந்துச்சு. ஒரு பொம்பளப் புள்ளயக் காணமாம். மேஸ்திரி ஜீப் எடுத்துக்கிட்டு வந்துட்டு இருக்காராம். எந்த வண்டியா இருந்தாலும் எண்ணித்தான் விடணும்." காலையில் எழுதிக் கொடுத்த சீட்டைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். "லேபர் இருபத்து நாலு. சரிதானே?"

நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்கதானுங்க எண்றவங்க" என்று, பழனாயியோடு முன்னால் வந்து உட்கார்ந்திருந்த சென்னம்மாளைக் கை காட்டினார்.

சென்னம்மாள் எழுந்தாள். இருபத்தைந்து என்று சொன்னால் ஜீப் வரும்வரை பஸ் நிற்கும், மேஸ்திரி வந்து ஒவ்வொரு துணியாக இழுத்துப் பார்ப்பான். இருபத்து நாலு என்று சொல்லி, கேட்டுக்காரர் ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டால் தன்னையும் பழனாயியையும் போலீசில் ஒப்படைப்பார்கள். முதலாளி பேர் கெடும். வேலை போகும். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். இதெல்லாம் அவளுக்கு ஒரே மூச்சில் ஓடியது. மேலே, பனிக்குள், ஜீப் ஹாரன் கேட்டது. எத்தனை வளைவு தள்ளி என்று தெரியவில்லை.

"வாய் விட்டு எண்ணுங்கம்மா" என்றார் கேட்டுக்காரர்.

அவள் தன் நெஞ்சில் கை வைத்தாள்.

"லாபம்" என்றாள்.

பக்கத்தில் பழனாயி. அவள் தலையைத் தொட்டாள்.

"ஒண்ணு."

பஸ்ஸில் மூச்சு நின்றது. நான் மிகைப்படுத்தவில்லை. லாபத்துக்கு அப்புறம் ரெண்டு. பிறந்ததிலிருந்து ரெண்டு. ஒரு நாளைக்கு நூறு தடவை இந்த வாயாலேயே ரெண்டு. யாராவது ஒருவர், பழக்கதோஷத்தில், 'ஏனுங்கக்கா, ரெண்டுங்க' என்று சொல்லியிருந்தால் போயிற்று. கணக்குத் தப்பினால் எகிறிக் குதிக்கிற கட்டிங் மாஸ்டர் அய்யாசாமி மூன்றாவது சீட்டில் இருந்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"ரெண்டு. மூணு. நாலு."

சீட்டு சீட்டாகப் பின்னால் போனாள். ஒவ்வொரு தலையையும் தொட்டாள். பதினாறு. அந்தத் தலை. கை அங்கே கொஞ்சமும் கூடுதலாக நிற்கவில்லை.

"பதினேழு. பதினெட்டு."

கடைசி சீட்டில் முடித்துத் திரும்பினாள்.

"இருபத்தி நாலுங்க."

கேட்டுக்காரர் முட்டாள் இல்லை. கதைகளில் வருகிற காவல்காரர்கள் முட்டாளாக இருந்தால் எழுதுகிறவனுக்குச் சுலபம். இவர் அப்படி இல்லை.

"மொதல்ல உங்களத் தொட்டு என்னமோ சொன்னீங்களே" என்றார். "லாபமா? அது எந்தக் கணக்குல வருது?" பிறகு முன் சீட்டுக்குத் திரும்பினார். "சார், இது உங்க எழுத்துதானே. இதுல எழுதியிருக்கிற இருபத்து நாலுல இந்தம்மா சேத்தியா, இல்லியா?"

ஹாரன் மறுபடி கேட்டது. இந்தத் தடவை கிட்டத்தில்.

8

நாச்சிமுத்து நான்தான்.

நாலாம் பகுதியிலேயே உங்களில் பலர் கண்டுபிடித்திருப்பீர்கள். கண்ணாடி காட்டிக் கொடுத்திருக்கும். கம்பெனியில் கிளார்க்காக இருந்த காலத்தில் நான் கதை எழுதியதில்லை. எழுத ஆரம்பித்ததே அந்த ஆயுத பூஜைக்கு அப்புறம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேக்டரி மதில் ஓரத்தில் பழனாயி தன் தலைத்துணியைக் கழற்றி, கத்தரியால் பாதியாக வெட்டி, அந்தப் பெண்ணுக்கு மாட்டிவிட்டதை நான் பார்த்தேன். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். சென்னம்மாள் வந்து ஒன்று சாஸ்தியாக வருகிறது என்றபோது எனக்கு எல்லாம் தெரியும். அவளைத் தனியாகப் பயப்பட விட்டேன்.

முடிவு ஒன்று எழுதினேன். அதில் பஸ் கீழே இறங்குகிறது, அந்தப் பெண் எங்கள் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்கிறாள், கறுத்த விரல் ஒரு வருஷத்தில் வெளுக்கிறது, சென்னம்மாளுக்கு மூன்றாவது பெண்ணாகிறாள். எழுதும்போது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. என் கண்ணீரை நான் நம்புவதில்லை. கிழித்துவிட்டேன்.

இன்னொரு முடிவில் ஜீப் வந்துவிடுகிறது. மேஸ்திரி படிக்கட்டில் ஏறுகிறான். பழனாயி கத்தரியை—

இதை முடிக்க முடியவில்லை. இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று.

பேய்க்கதையாகவும் முடித்துப் பார்த்தேன். கேட்டைத் தாண்டினதும் எண்ணுகிறார்கள், இருபத்து நாலு பேர்தான் இருக்கிறார்கள், அந்த சீட்டில் ஈரத் துணி மட்டும் கிடக்கிறது. எனக்குச் சௌகரியமான முடிவு அது. பேயை யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக முடியாது.

துணி கிடந்தது என்பது மட்டும் நிஜம். பொள்ளாச்சியோ மேட்டுப்பாளையமோ, பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கிப்போன படிக்கட்டில் அதை எடுத்தேனா, இல்லை அந்தக் கேட்டுக்கு முன்னால் சேற்றில் எடுத்தேனா என்பதைத்தான் நான் சொல்லப்போவதில்லை.

சென்னம்மாள் இப்போதும் திருப்பூரில்தான் இருக்கிறாள். சந்தையில் எப்போதாவது பார்ப்பேன். போன வெள்ளிக்கிழமை என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அந்தத் துணியைப் பார்த்தாள்.

"இன்னுமா இத வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"ஆமாங்க."

"கண்ணாடிய மாட்டுங்க மொதல்ல. எதுர்ல பஸ்ஸு வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் குரலில் கோபம் இருந்ததா, இரக்கமா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

9

சேர்த்தி என்றால் உண்மை. சேர்த்தி இல்லை என்றால் பொய். சென்னம்மாள் தன்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அவளுக்குத் துணை நின்றுவிட்டார்கள். பாக்கி இருந்தது ஒரே ஒரு பொய். அதைச் சொல்ல வேண்டியவன் நான். அதற்கப்புறம் எட்டு வருஷத்தில் நூற்றுக்கு மேல் கதை எழுதிவிட்டேன், அத்தனையும் பொய், ஒன்றுகூட யாருக்கும் தேவைப்படவில்லை.

அன்றைக்குக் கேட்டுக்காரர் முதலில் கேட்டதும் நான் என்ன செய்தேன் என்று பார்த்தீர்கள். கேள்வியைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன். அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது சென்னம்மாள். இன்றைக்கு நீங்கள்.

சீட்டு உங்கள் கையில் இருக்கிறது. எழுத்து உங்களுடையதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உங்களையே பார்க்கிறாள். கடைசிக்கு முந்தின சீட்டில் அந்தத் தலை குனிந்திருக்கிறது. பின்கண்ணாடியில், பனிக்குள், மஞ்சளாக இரண்டு விளக்குகள் தெரிய ஆரம்பித்துவிட்டன. கேட்டுக்காரர் ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டார்.

கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

சொல்லுங்க. இந்தம்மா சேத்தியா, இல்லீங்களா?